மல்லாட்டை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

பிரெஞ்சுப் பள்ளியில் வேர்க்கடலைக்கு 'அராஷீத்' என்று பெயர். புதுவையில் எங்கள் வீட்டிலோ அது மல்லாட்டை.

டீசல் எஞ்சினையே கடலை எண்ணெய்க்காகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அது சரியல்ல. பாரிஸில் பிறந்த ஜெர்மானியர் ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டியது ஓட்டோ கம்பெனி. எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அது அவ்வளவு சீராக ஓடியதால், பார்த்தவர்களில் சிலருக்கே விஷயம் தெரிந்ததாம். இதை 1912இல் டீசலே எழுதியிருக்கிறார்.

இந்தச் சோதனையைக் கேட்டது பிரெஞ்சு அரசு. அதன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் கடலை ஏராளமாக விளைந்தது. அதையே எரித்தால் நிலக்கரியைக் கப்பலில் கொண்டுபோக வேண்டாம் என்பது கணக்கு. நம் புதுவைக் கடலையோ அந்தக் காலத்தில் மார்சேய்க்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது.

1970களில் டீசல் தட்டுப்பாடு வந்தபோது, எங்கள் பெரியப்பா பம்ப்செட்டில் கடலை எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஓடியது. சில நாளில் கரி பிடித்து நாசில் அடைத்துக்கொண்டது. தாவர எண்ணெய் டீசலைவிட மிகவும் கெட்டி, அதுதான் காரணம். இதற்கு வழியை 1937லேயே பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் காப்புரிமையாகப் பதிந்திருந்தார். எண்ணெயைச் சாராயத்துடன் வினைபுரியச் செய்தால் அது இளகிவிடும். மறு ஆண்டே அப்படி மாற்றிய பனை எண்ணெயில் பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவேனுக்கு பஸ் ஓடியது.

தண்ணீர் கலக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சும்மா ஊற்றினால் பிரிந்து அடியில் தங்கி, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பால்மமாக்கும் பொருள் சேர்த்து நுண்துளிகளாகக் கலந்தால், அவை சூட்டில் சட்டென்று ஆவியாகி எண்ணெயைச் சிதறடிக்கும். எரியும் சூடு தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடு புகையும் குறையும். ஆனால் தண்ணீர் எரிபொருள் ஆகாது. பாலில் தண்ணீர் கலந்தால் பாலா கூடுகிறது?

பெரியப்பாவின் பரிசோதனை முடிந்த அன்று பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தாளிக்க எண்ணெய் இல்ல, எஞ்சினுக்கு ஊத்துறீங்களே?"

அந்தக் கேள்விக்குத்தான் எந்தக் காப்புரிமையிலும் பதில் இல்லை.