கலைச்சாலும் கலையாத கூட்டணி

கூட்டணின்னா நமக்கு சீட்டு பேரம்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேற மாதிரி கூட்டணி. இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல பத்து உள்ளூர் கவுன்சில்கள் சேர்ந்து நடத்துற ஒண்ணு.

1974-ல மான்செஸ்டரையும் சுத்துப்பட்டு ஊர்களையும் சேர்த்து 'கிரேட்டர் மான்செஸ்டர்'னு ஒரு மாவட்டம் போட்டாங்க. கீழே போல்டன், விகன், ஸ்டாக்போர்ட்னு பத்து கவுன்சில். மேலே ஒரு பெரிய கவுன்சில். "நாங்க லங்காஷயர்காரங்க, எங்களுக்கும் மான்செஸ்டருக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு பல பேருக்கு அப்பவே கடுப்பு.

1986-ல மார்கரெட் தாட்சர் அரசு அந்த மேல் கவுன்சிலை மொத்தமா கலைச்சுட்டுது. லண்டனோட பெரிய கவுன்சிலுக்கும் அதே நாள்ல அதே கதி. அந்த வருஷம் அக்டோபர்ல லண்டன் தவிர்த்த ஊர்கள்ல பஸ்ஸும் பொதுக் கட்டுப்பாட்டுல இருந்து போச்சு. எந்த ரூட், என்ன டிக்கெட்டு, எல்லாம் கம்பெனி முடிவு.

இதோட கதை முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. பத்து கவுன்சிலும் தாங்களாவே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. யாரும் கட்டாயப்படுத்தலை. ஆனா பிரிஞ்சு போகவும் முடியாது, ஏன்னா நடுவுல சொத்து இருக்கு: விமான நிலையம்! 2013 வரைக்கும் அதுல மான்செஸ்டர் நகரத்துக்கு 55 சதவீதம், மத்த ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 5-னு இருந்துச்சு. பங்காளிங்க முறைச்சுக்கிட்டாலும் பொதுக்கிணறு இருந்தா பேசித்தானே ஆகணும் :-) 1992-ல டிராமும் ஓட ஆரம்பிச்சுது.

எல்லாமே ஜெயம்னு நினைக்காதீங்க. ஊருக்குள்ள வர்ற காருக்குக் கட்டணம் போட்டு, அதோட போக்குவரத்துக்குப் பெரிய முதலீடுன்னு 2008-ல ஒரு திட்டம். மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க. பத்து ஊர்லயும் தோல்வி. 79 சதவீதம் பேர் வேண்டாம்னு குத்திட்டாங்க. வேற இடமா இருந்தா ஆளுக்கு ஆள் பழி போட்டுப் பிரிஞ்சிருப்பாங்க. இவங்க பிரியலை. 2009-ல வந்த ஒரு சட்டத்தைப் பிடிச்சு, 2011 ஏப்ரல் 1-ல சட்டபூர்வமான கூட்டு ஆணையமாவே மாறினாங்க. இங்கிலாந்துலேயே இதுதான் முதல்.

2014-ல மத்திய அரசு கூடுதல் அதிகாரம் தர்றேன்னு வந்துது, ஒரு நிபந்தனையோட: மொத்தப் பகுதிக்கும் ஒரு மேயர் வேணும். ரெண்டு வருஷம் முன்னாடிதான் மான்செஸ்டர் நகர மக்கள் தங்க ஊருக்கு நேரடி மேயர் வேண்டாம்னு ஓட்டுப் போட்டிருந்தாங்க. இருந்தும் பத்துத் தலைவர்களும் ஒத்துக்கிட்டாங்க. இந்த இடம் எனக்கு உறுத்துது. மக்கள்கிட்ட கேட்காம தலைவர்களே கையெழுத்துப் போட்டுட்டு வர்றது கூட்டணியோட பலமா, பலவீனமா?

2017-ல ஆண்டி பர்னம் மேயரா ஜெயிச்சார். அடுத்த சண்டை பஸ்ஸுக்கு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோத்துது. 2023 செப்டம்பர்ல முதல் கட்டமா போல்டன், விகன் பக்கம் பஸ் பொதுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்புச்சு. 2025 ஜனவரி 5-ல மொத்தப் பகுதியும் வந்துடுச்சு. 1986-ல போனது திரும்பி வர 38 வருஷத்துக்கு மேல ஆச்சு.

கட்டடத்தையும் போர்டையும் ஒரே சட்டத்துல எடுத்துடலாம். மாசாமாசம் ஒரே மேஜையில உக்காந்து சண்டை போட்டுப் பழகின பழக்கத்தை எந்தச் சட்டத்தாலயும் கலைக்க முடியலை. அந்தப் பழக்கம் இல்லாம 2011-ல அதிகாரத்தைக் கொடுத்திருந்தா, வாங்கிக்க ஆளே இருந்திருக்காது.