மூன்று அண்ணன்மாரும் பெயரில்லாத பெண்களும்

கல்வராயன் மலையில் மக்கள் குடியேறிய கதையை ஆவணப்படமாக எடுக்க முனைந்த ஒரு குழுவில் நான் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தேன். பழைய காலத்துக்குப் புகைப்படம் கிடையாது. ஆகவே சில நிகழ்வுகளை நடித்துக்காட்டிப் படமாக்குவது என்று முடிவானது. கள்ளக்குறிச்சியில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து காட்சிப் பட்டியல் போட்டோம். முதல் காட்சி பேச்சே இல்லாமல் முடிவாகிவிட்டது: மூன்று ஆண்கள் மலையேறி வருகிறார்கள்.

அந்த மூவரையும் இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்து வேளாளர் என்பதே அவர்கள் சொல்லும் வரலாறு. கரிராமன் என்னும் சாமி காஞ்சியை விட்டுக் கிளம்ப, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் பின்தொடர்ந்து வந்து ஆளுக்கொரு மலைப்பக்கமாகப் பிரிந்தார்கள் என்கிறது கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இந்தக் கதை இருக்கிறது.

அதில் பெண்கள் எங்கே என்று தேடினேன். ஒரு வடிவத்தில் மூவரும் ‘குடும்பத்தோடு’ வந்தார்கள். பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். இன்னொரு வடிவத்தில் அண்ணன்மார் இங்கே வந்தபின் பெண் எடுத்தார்கள். அங்கே பெண்களைப் பற்றிச் சொல்லப்படுவது கைக்கோளர், வேடர் என்று அவர்கள் பிறந்த குடி மட்டுமே. ஆண்களுக்குப் பெயர், பெண்களுக்குச் சாதி.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்த ‘வேடர்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். வேடர் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்றால், வந்தவர்களுக்கு முன்பே இந்த மலைப்பக்கத்தில் வேடர் இருந்தார்கள் என்றுதானே பொருள்? குடியேற்றக் கதைகள் எல்லாம் ஆளில்லாத காட்டில் தொடங்குவதையே விரும்பும். இந்தக் கதையில் காடு காலியாக இல்லை என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, பெயர் சொல்லப்படாத அந்த மனைவி. அவளைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டால் அவளோடு ஒரு மக்கள் கூட்டமே போய்விடும்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை, வெள்ளிமலை என்று இடம் பார்க்கப் போனோம். ஓர் ஊரில் காட்சியை விளக்கிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த பாட்டி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “மூணு அண்ணமாரும் வந்தாங்க, சரி. சோறு யாரு கண்ணு பொங்குனது?” என்றார். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று இரவு பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெண்களுக்கென்று இருந்தது ஒரே வரி: ‘பின்னணியில் பெண்கள், தண்ணீர்க் குடங்களுடன்.’ உடைப் பட்டியலில் இலை தழையும் பாசிமணியும் இருந்தன. காஞ்சியிலிருந்து வந்தோம் என்று தாங்களே சொல்லும் மக்களுக்கு இலை உடை எதற்கு என்று கேட்டேன். பார்ப்பவர்களுக்குப் பழங்குடி என்று புரிய வேண்டுமே என்றார்கள். சம்பளப் பட்டியல் இன்னும் மோசம். நடிக்க வரும் ஊர்க்காரர்களில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு அதில் பாதி. அவர்கள் ‘சும்மா நிற்கத்தானே’ போகிறார்கள் என்பது காரணம்.

உலகம் கொண்டாடிய ஆவணப்படங்களும் இதைச் செய்திருக்கின்றன. அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவு மக்களை வைத்து ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த ‘மேன் ஆஃப் ஆரன்’ 1934-இல் வந்தது. அதில் வரும் கணவன், மனைவி, மகன் உண்மையில் ஒரே குடும்பம் அல்ல. மூவரும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். படத்தின் பெரிய சுறா வேட்டை அந்தத் தீவில் எப்போதோ நின்றுபோன வழக்கம். அதைப் படத்துக்காகத் தீவுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் பாறைமேல் மண் உண்டாக்கக் கடற்பாசியை முதுகில் சுமந்து வரும் பெண்ணும் அதில் இருக்கிறாள். அவள் சுமை தெரிகிறது. அந்த மண்ணுக்கு வாரம் வாங்கிய நிலக்கிழார் படத்தில் இல்லை. படத்தின் பெயரோ ‘ஆரன் மனிதன்’.

நம் மலையிலும் அந்தக் கேள்வி உண்டு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர்களின் கையில் இருந்த இந்த மலை 1976-இல்தான் முழுமையாக அரசின் கீழ் வந்தது. அங்கும் மூன்று ஆண் பெயர்கள். கதையில் பெயர் பெற்றவர் வழியிலேயே நிலமும் இறங்குகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதனால் மகளுக்குச் சம பங்கு தந்த 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் மலைக்கு ஏறவில்லை. பழங்குடிப் பெண்ணுக்கும் அந்த உரிமை கிடைக்க வழி செய்வதைப் பரிசீலிக்குமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அண்ணன்மார் மூவர் மட்டும் வந்தார்கள் என்று ஒரு படம் காட்டினால், நிலம் யாருடையது என்பதற்கு அதுவும் ஒரு பத்திரம்.

மறுநாள் நான் மூன்று மாற்றங்களைக் கேட்டேன். கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இலை உடை வேண்டாம். மலையேறும் காட்சியில் ஒரு மனைவி காஞ்சியிலிருந்து கூட வர வேண்டும்; மற்றொருத்தி மலைமேல் நின்று வருபவர்களைப் பார்க்க வேண்டும். கதையின் இரண்டு வடிவங்களும் இருந்தன என்பதைக் குரல் சொல்லட்டும்.

முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்கு, “அவளுக்கு என்ன பெயர் வைப்பது?” என்று கேட்டார் இயக்குநர். பெயர் வைக்க நமக்கு உரிமையில்லை என்றேன். வைத்தால் பெயரை மறந்தவர்களின் குற்றம் மறைந்துபோகும்.

இரண்டு வடிவங்களையும் எடுப்பதென்று கடைசியில் முடிவானது. சாமை குத்தும் காட்சி ஒன்றையும் சேர்த்தோம். உமி போகச் சாமையைக் குத்திப் புடைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று தெரிய, அதை வெட்டாமல் காட்டுவதாகத் திட்டம். பாட்டியிடம் போய்ச் சொன்னேன். உலக்கை பிடிக்கத் தானே வருவதாகச் சொன்னவர், கூலி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். “ஆம்பளைக்கு?” என்றார். அதேதான் என்றேன். எழுந்து உரலைக் கழுவப் போனார்.