பாதி மறைந்த நிலா

முழு சந்திர கிரகணம் என்றால் மொட்டை மாடிக்கு ஓடுவோம். பகுதி கிரகணம் என்றால் "இவ்வளவுதானா"ன்னு கீழே இறங்கி வந்துடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். தாலமியின் அல்மாஜெஸ்ட் என்ற வானியல் நூலைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

கி.மு. 523, ஜூலை 16 இரவு, பாபிலோன். பாரசீக அரசன் காம்பைசிஸ் ஆட்சியின் ஏழாம் ஆண்டு. நிலவின் வடக்குப் பக்கம் பாதி மறைந்தது. அங்கே வானத்தைக் கவனித்துக் குறித்து வைப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் இதையும் குறித்து வைத்தார்கள்.

சுமார் 670 வருஷம் கழித்து, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் தாலமி இந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டார். கூடவே கி.மு. 621 ஏப்ரலில் அதே பாபிலோனில் கால் பங்கு மறைந்த இன்னொரு கிரகணத்தையும். ஏன் முழு கிரகணத்தை எடுக்கவில்லை?

யோசிச்சுப் பாருங்க. முழு கிரகணத்தில் நிலா பூமியின் நிழலுக்குள் முழுகிவிடுகிறது. எவ்வளவு ஆழம் என்று கண்ணால் சொல்ல முடியாது. சரியாகப் பாதி மறைந்தால் மட்டும் நிலவின் மையம் நிழலின் விளிம்பிலேயே நிற்கும். நிழலின் மையமோ எப்போதும் சூரியப் பாதையில், சூரியனுக்கு நேர் எதிரே. ஆக, அந்த நேரத்தில் நிலா சூரியப் பாதையை விட்டு எவ்வளவு விலகியிருந்ததோ அதுதான் நிழலின் ஆரம்!

அந்த விலகலைத் தாலமி கணக்கிட்டார். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை. பாதி மறைந்தபோது விலகல் 40⅔ கலை. கால் பங்கு மறைந்தபோது 48½ கலை. இரண்டு முறையும் நிலா பூமியிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தது. எனவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 7⅚ கலை, நிலவின் விட்டத்தில் கால் பங்கு. நாலால் பெருக்கினால் 31⅓ கலை. நிழல் நிலவைப் போல 2.6 மடங்கு என்று முடித்தார். இன்றைய கணக்கு 2.7க்குப் பக்கத்தில் வருகிறது.

அதே நிழலை வைத்துச் சூரியனின் தூரத்தையும் கணக்குப் போட்டார். அங்கேதான் சறுக்கல். 1210 பூமி ஆரம் என்றார். உண்மையில் 23,000க்கும் மேல். நிழல் அளவில் ஒரு துளி பிசகினாலும் சூரிய தூரம் எங்கேயோ போய்விடும், அந்த முறை அப்படி.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். 523 கிரகணத்தைச் சொல்லும் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரவு தொடங்கி 3 மணி 20 நிமிஷம் கழித்து என்கிறது அது. தாலமி நள்ளிரவுக்கு ஒரு மணி முன்பு என்கிறார். அரை மணிக்கு மேல் இடிக்கிறது. ஆனால் "வடக்கு, பாதி" என்பது மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. தாலமியின் கணக்குக்கு வேண்டியதும் அதுதானே!

அடுத்த பகுதி கிரகணத்துக்கு நான் சீக்கிரம் கீழே இறங்கப் போவதில்லை.