375 யார்டு விட்ட அணி கோப்பை வாங்கின கதை

இன்னைக்கு 2006-ஆம் வருஷத்து இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி. அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவங்களும் தாராளமா கேளுங்க, அடிப்படை ரொம்ப எளிது.

பந்து வெச்சிருக்கற அணிக்கு ரெண்டு வழி. குவாட்டர்பேக் பந்தை வீசலாம், இல்லன்னா ஒருத்தர் கையில கொடுத்து ஓட விடலாம். வீசறவரைத் துரத்திப் பிடிக்க வேகமான ஆள் வேணும். அவர்தான் பாஸ் ரஷர். ஓட்டத்தை அடைக்க, தள்ளினாலும் நகராத கனமான ஆள் வேணும். ரெண்டும் ஒரே உடம்புல கிடைக்கறது அபூர்வம். அணியில 53 பேருக்குத்தான் இடம். சம்பளத்துக்கும் அந்த வருஷம் 10.2 கோடி டாலர்னு உச்சவரம்பு. ஒரு பக்கம் அள்ளிக் கொடுத்தா இன்னொரு பக்கம் காயும்.

அணியைக் கட்டின பில் போலியனும் கோச் டோனி டஞ்சியும் எந்தப் பக்கம் சாய்ஞ்சாங்கன்றதுல சந்தேகமே இல்ல. நம்மகிட்ட பேட்டன் மேனிங் இருக்காரு, சீக்கிரமே முன்னிலைக்குப் போயிடுவோம். பின்தங்கின அணி வீசித்தான் ஆகணும். அப்போ டுவைட் ஃப்ரீனியும் ராபர்ட் மேதிஸும் ரெண்டு ஓரத்துலேருந்தும் பாயட்டும். ஃப்ரீனி 2002 டிராஃப்ட்ல 11-ஆவது ஆளா வந்தவர். 2004-ல 16 சாக், லீக்லயே முதலிடம். மேதிஸ் 2003-ல ஐந்தாவது சுற்றுல கிடைச்சவர்.

நாங்க ஆபீஸ்ல சிஸ்டம் டிசைன் பண்றப்போ "டிராஃபிக் இப்படித்தான் வரும்"னு ஒரு அனுமானம் வெச்சுப்போம். எதிராளி அந்த அனுமானத்தையே படிச்சிட்டா? இங்க அதுதான் நடந்தது. முதல்லேருந்தே ஓடுவோம், கடிகாரமும் ஓடும், மேனிங் பெஞ்ச்சுல உட்கார்ந்திருக்கட்டும்னு எதிரணிகள் கிளம்பிட்டாங்க. ஃப்ரீனி குவாட்டர்பேக்கைத் தேடி ஆழமா உள்ள போனா, அவர் விட்டுட்டுப் போன சந்து வழியா ஓடறவர் வெளிய வந்திடுவாரு.

அந்த சீசன்ல கோல்ட்ஸ் ஒரு ஆட்டத்துக்கு சராசரியா 173 யார்டு ஓட விட்டாங்க. 32 அணியில கடைசி இடம். டிசம்பர் 10, ஜாக்சன்வில்லில 375 யார்டு! மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 166, ஃப்ரெட் டெய்லர் 131. ஸ்கோர் 44-17.

ஆனா பிளேஆஃப்ல முதல் எதிரணி கான்சஸ் சிட்டி. அவங்க லேரி ஜான்சன் அந்த சீசன்ல மட்டும் 1,789 யார்டு ஓடினவர். அன்னைக்கு 13 தடவை ஓடி வெறும் 32. முழு அணிக்கே 44தான். அதுக்கப்புறம் பால்டிமோர் 83, நியூ இங்கிலாந்து 93. சூப்பர் பவுல்ல சிகாகோவை 29-17னு ஜெயிச்சு கோப்பை.

என்னதான் மாறுச்சு? எல்லாரும் சொல்ற பதில் பாப் சாண்டர்ஸ். காயத்தால சீசன்ல நாலே ஆட்டம் ஆடின சேஃப்டி, பிளேஆஃபுக்குத் திரும்பி வந்தார். டஞ்சியோட முறையில ஒவ்வொருத்தருக்கும் ஒரு சந்து பொறுப்பு. ஒருத்தர் தவறினா பின்னாலேருந்து ஓடிவந்து அடைக்கறவர் இவர்தான். அடுத்த வருஷமே லீக்கோட சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அது நியாயமான பதில்தான். இன்னொரு பதில், அக்டோபர்ல இரண்டாவது சுற்று டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுத்து டாம்பா பேலேருந்து வாங்கின பூகர் மெக்ஃபார்லண்ட். நடுவுல நிக்கற கனமான ஆள், டஞ்சிகிட்ட அங்கேயே ஆடினவர். ஆனா ஜாக்சன்வில் ஆட்டத்துக்கு முன்னாடியே அவர் வந்தாச்சே! அதனால அதை முழுசா ஏத்துக்க எனக்கு மனசு வரல.

நான் பார்க்கறது சூப்பர் பவுல் கணக்கை. சிகாகோ 111 யார்டு ஓடினாங்க, ஆனா வெறும் 19 தடவைல. ஒரு ஓட்டத்துக்கு கிட்டத்தட்ட 5.8 யார்டு, அது நல்ல தடுப்பே இல்ல. அன்னைக்கு கோல்ட்ஸ் 38 நிமிஷம் பந்தைத் தன்கிட்டயே வெச்சிருந்தாங்க, 191 யார்டு ஓடவும் செஞ்சாங்க. எதிராளி கைக்குப் பந்தே போகலன்னா எங்க ஓடறது? போலியனோட பழைய அனுமானம் தப்பில்ல, அதுக்கு வேண்டிய இன்னொரு பாதி அன்னைக்குத்தான் சேர்ந்தது.

2007 கோடையில ஃப்ரீனிக்கு ஆறு வருஷம், 7.2 கோடி டாலர் ஒப்பந்தம். அதே கோடை பயிற்சி முகாம்ல மெக்ஃபார்லண்டோட முழங்கால் போச்சு. அதுக்கப்புறம் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடல.