நாவலின் சரண்டர் மதிப்பு

ஆங்கில நாவல் நம் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் இலக்கியமாக வரவில்லை, நான்-டீடெயில்டாக வந்தது. டீடெயில்ட் பாடத்தை வரிவரியாகப் பொருள் எழுதிப் படிக்கவேண்டும். மற்றது சுருக்கிய கதைப் புத்தகம். வேகமாக வாசித்தால் போதும். இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு சிந்தனை இருந்தது.

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் இருமொழி நிலை பற்றி 1926ல் எழுதிய நூலில், ‘சரண்டர் மதிப்பு’ என்ற இன்ஷூரன்ஸ் சொல்லைக் கல்விக்குப் பொருத்துகிறார். பாலிசியைப் பாதியில் முறித்தால் கைக்கு என்ன வரும்? படிப்பைப் பாதியில் விடும் பையனுக்கு ஆங்கிலத்தில் என்ன மிஞ்சும்? வாசிப்பு மிஞ்சும் என்பது வெஸ்டின் பதில். ஆகவே பேச்சுக்கு முன் வாசிப்பு. அரிய சொற்களுக்குப் பதில் பழகிய சொற்கள். 1953ல் வந்த அவரது பட்டியலில் சுமார் 2000 சொற்கள். இவ்வகைப் பட்டியல்களை வைத்தே எளிய நாவல் வரிசைகள் தயாராயின. வங்கிக் கவுண்டரில் இருக்கும் எனக்கு இந்த உவமை உடனே பிடிபடுகிறது. அதில் ஏழைப் பையன்மேல் நிஜமான அக்கறையும் உண்டு. ஆனால் மிஞ்சியது நாவல்தானா?

டீஃபோவின் ராபின்சன் குரூசோ (1719) தீவில் ஒதுங்கியபின் தன் நிலையின் தீமை நன்மைகளைப் பற்று வரவாக எதிரெதிரே எழுதுகிறான். உடைந்த கப்பலில் கண்ட பணத்தைப் பழிக்கிறான், பிறகு எடுத்துக்கொள்கிறான். நாவலின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது. திண்டுக்கல்லில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய பள்ளிச் சுருக்கத்தில் புயல் உண்டு, காலடித்தடம் உண்டு, ஃப்ரைடே உண்டு. கணக்கு இல்லை.

வகுப்பிலோ வெஸ்டின் மௌன வாசிப்பும் நடக்கவில்லை. வாத்தியார் கதையைத் தமிழில் சொன்னார், பிறகு கட்டுரை விடையை டிக்டேட் செய்தார். தமிழில் சொன்னதை நான் இகழமாட்டேன். பல பையன்களுக்கு அதுதான் முதல் நாவல். கெடுத்தது பரீட்சை. கதைச்சுருக்கம் தருக, பாத்திரத்தை வர்ணிக்க. நம் நாவல் மதிப்புரைகளில் பாதி இன்னும் இந்த இரண்டு கேள்விக்கும் எழுதப்படும் விடைகள்தான்.

1950களில் சென்னை மாநிலத்தில் ஸ்ட்ரக்சுரல் முறை வந்தது. வாக்கிய அமைப்புகள் ஏணிப்படி ஆயின. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர்த் திட்டத்தில் வேறொன்றைச் சோதித்தார்: மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி படியும். அவர் எடுத்துக்கொண்டவை ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவை. நாவல் வாசகனுக்கு நேர்வதும் இதுவே என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வத்தலக்குண்டு ராஜம் ஐயர் விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது (1893) வயது இருபத்தொன்றைத் தாண்டவில்லை. சென்னையில் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர். அந்த ஊர்ப்பேச்சும் வம்பும் கதைச்சுருக்கங்களைப் படித்து வளர்ந்த மனத்தில் பிறந்திருக்காது என்றே நம்புகிறேன்.

2019ல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஏழு யூனிட். ஒவ்வொன்றிலும் உரைநடை, கவிதை, துணைப்பாடக் கதை. ஒரே கதையோடு மாதக்கணக்கில் தங்கியிருப்பது இனி இல்லை. குரூசோவின் பற்று வரவுப் பக்கங்களை மட்டுமாவது சுருக்காமல் கொடுத்துப் பார்க்கலாம். சொற்கள் கடினம்தான். ஆனால் வீட்டில் சீட்டும் நகைக்கடனும் பேசக் கேட்டு வளர்ந்த வடமதுரைப் பையனுக்கு அந்தப் பக்கம் புரியாமல் போகாது.