புறாத்தீவில் ஒரு பகல்: கடலோரப் பெண்களும் நீச்சலும்

எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளுள் மேடையோ மாலையோ இல்லாமல் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அது நிலாவெளிப் புறாத்தீவுக்குப் போய் வந்த பயணம். விடியுமுன் புறப்பாடு, படகுச் சவாரி, சிறிது நீச்சல், மத்தியானச் சாப்பாடு, இரவுக்குள் வீடு. மலர்க்குழுவினர் அதைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். எழுத உட்கார்ந்த பிறகுதான், அந்த ஒரு பகலுக்குப் பின்னால் எமது ஊர்ப் பெண்களுக்கும் கடலுக்கும் இடையிலான நீண்ட கதை ஒன்று இருப்பது புலப்பட்டது. அதைச் சொல்லாமல் பயணத்தை மட்டும் சொல்வது சரியாகாது.

இரு நீருக்கு நடுவே

பெரியநீலாவணை கல்முனையின் வட எல்லையில் உள்ள ஊர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில்தான் எமது வீடுகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் இருக்கின்றன. இவ்வூரின் பெயரையே தன் புனைபெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் ‘வேளாண்மை’ என்று காவியம் பாடினார். எமது ஊரவர் கடலுக்கு எவ்வளவு அருகில் வாழ்ந்தார்களோ, அவ்வளவுக்கு வயலையும் நம்பி வாழ்ந்தார்கள்.

சிறுமிகளாக இருந்தபோது கடற்கரை எமக்கு முற்றம் போல இருந்தது. கரைவலை இழுக்கும்போது வேடிக்கை பார்ப்போம், சிப்பி பொறுக்குவோம், அலை நுரையில் கால் நனைப்போம். பத்து வயதில் தம்பிமார் அலைக்குள் பாய்ந்து நீந்தத் தொடங்கிய காலத்திலேயே எமக்கு மட்டும் வேலி விழுந்தது. பெரிய பிள்ளையானதும் கரைக்குப் போவதே நின்றது. முஸ்லிம் வீடோ தமிழ் வீடோ, இந்த விடயத்தில் வேறுபாடு கிடையாது. இரவில் அலைச்சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிய நாம், அந்த நீரில் இடுப்பளவு கூட நின்றதில்லை.

உம்மாமாரையும் அம்மாமாரையும் இதற்காகக் குறை சொல்வதற்கில்லை. எமது கரை திறந்த கரை. அலையைத் தடுக்கத் தீவோ முருகைக்கல் பாரோ முன்னால் இல்லை. சில அடி தூரத்திலேயே ஆழம் விழும். மாரிக் காலத்தில் வாடைக்காற்று வீசும்போது தோணிக்காரரே கடலில் இறங்க யோசிப்பார்கள். கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் ஆண் பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்றுக் கொடுத்தது. எமக்கு வீட்டுக்குள் இருக்கக் கற்றுக் கொடுத்தது.

பாதைகள் இருந்த வீதி

அமைதியான கடலில் தீவு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நாம் திருகோணமலைக்குத்தான் போக வேண்டும். கல்முனையிலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இன்று நான்கு மணித்தியாலத்தில் போய்ச் சேரும் இந்த வழி, எமது மூத்தவர்களுக்கு ஒரு முழுநாள் பயணம். வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர் குறுக்கிடும். ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸைப் ‘பாதை’யில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். அப்படிப் போய் வந்தவர்களும் கோணேசர் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் பார்த்துத் திரும்பினார்களே தவிர, கடலில் இறங்கியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

எமது பாடசாலைக் காலம் யுத்த காலம். அந்த வீதியில் பயணம் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. மட்டக்களப்புக்குப் போய் வருவதே பெரிய காரியமாக இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்த அதே ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்தன. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எமக்குக் கிடைத்த சுற்றுலா இது என்றால் மிகையில்லை.

புறாமலை

நிலாவெளி திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு பாறைத் தீவுகள் தெரியும். பெரியதைச் சுற்றியே முருகைக்கற்கள் வளர்ந்துள்ளன. அது சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. பாறையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 45 மீற்றர் அளவில் இருக்கிறது. அங்கே கூடுகட்டி வாழும் மாடப்புறாக்களால்தான் இதற்கு இந்தப் பெயர். புறாமலை என்றும் சொல்வார்கள்.

இந்தச் சிறு தீவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் இது துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1963இல் சரணாலயமானது. 2003இல் இலங்கையின் 17ஆவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறி இலங்கையின் பல பகுதிகளில் முருகைக்கற்கள் வெளிறி இறந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் பெரும்பாலும் தப்பின. யுத்தத்தின் பிறகு மக்கள் திரளாக வரத் தொடங்கியதும் வேறொரு கேடு வந்தது. நிற்க இடம் தேடிய கால்கள் கற்களை மிதித்து உடைத்தன. இன்று வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டுப் பெற்றே போக வேண்டும்.

படகு பத்து, பதினைந்து நிமிடத்தில் தீவைத் தொட்டது. நாம் போனது கச்சான் காற்றுக் காலம். நிலத்திலிருந்து காற்று வீசுவதால் கடல் தட்டையாகக் கிடந்தது. எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி மாட்டிய படகோட்டி, “ராத்தாமாரே, அக்காமாரே, கல்லுல மட்டும் கால் வைக்காதீங்க. அது உசிருள்ள சாமான்” என்று இரண்டு முறை சொன்னார். முகக்கண்ணாடி அணிந்து நீரில் முகத்தை அமிழ்த்திய முதல் நிமிடத்தில், அதுவரை சத்தமிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மௌனமானோம். மான்கொம்பு போலக் கிளைவிட்ட கற்கள், அவற்றுக்கிடையே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். சற்றுத் தள்ளிச் செட்டை நுனி கறுத்த சிறு சுறா ஒன்று எம்மைக் கண்டு விலகிப் போனது. மீன் என்றால் சந்தையிலும் சட்டியிலும் மட்டுமே கண்டிருந்த நாம், அது தன் வீட்டில் இருப்பதை முதன்முதலாகக் கண்டோம்.

இந்தக் கடலின் அடியை உலகுக்குக் காட்டியவர்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். 1956இல் மைக் வில்சன் கோணேசர் மலையடியில் சுழியோடிப் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார். அவருடைய தோழர் ஆதர் சி. கிளார்க் இந்நாட்டிலேயே தங்கிவிட்டார். பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாறு நவரத்தினசாமி. 1971இல் அதை இருவழியும் 51 மணித்தியாலத்தில் நீந்தியவர் வல்வெட்டித்துறை ஆனந்தன். பெண்ணும் நீந்தலாம் என்று எமக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் 1959இலேயே வங்காளத்து ஆரத்தி சாஹா ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் ஆசியப் பெண்ணாகியிருந்தார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை புலா சௌத்ரி நீந்தியது 2004இல். அதே ஆண்டில்தான் அவுஸ்திரேலியாவில் அஹேதா சனெட்டி முஸ்லிம் பெண்களுக்கென்று உடல் மறைக்கும் நீச்சலுடையை வடிவமைத்தார். எம்மோடு வந்தவர்களில் வெளிநாட்டில் வாழும் இருவர் அந்த உடையில் வந்திருந்தார்கள். மற்றவர்கள் சல்வாரோடு இறங்கினோம். உடை மாற்ற மறைப்பாக நான்கு மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைக் கட்டிக்கொண்டோம். அவை நன்றாகவே உதவின.

நிலாவெளிக் கரையில்

தீவுக்குள் குப்பை சேரக்கூடாது என்பதால் சாப்பாட்டைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தோம். மத்தியானம் திரும்பி வந்து மரநிழலில் பாய் விரித்தோம். வீட்டில் சமைத்த சோறு, பாரைமீன் ஆணம், கத்தரிக்காய்ப் பிரட்டல், மாசிச் சம்பல், சைவக்காரத் தோழியருக்குப் பருப்பும் பூசணிக்காய்க் கறியும், கடைசியில் வட்டிலப்பம். ஐந்து ஐந்து பேராகச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தபோது விடுதிக் காலம் திரும்பியது போலிருந்தது.

சாப்பாடு செமித்த பிறகு, விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் எமது இளைய மாணவி ஒருத்தி, ஆழமில்லாத இடத்தில் எம்மை நிறுத்தி மிதக்கப் பழக்கினாள். எங்களில் வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் காரணம் தெரியும். நெஞ்சு நிறையக் காற்றிருந்தால் மனித உடல் மிதக்கும். பயந்து தலையை மேலே தூக்கினால் இடுப்பும் கால்களும் கீழே போகும். காது நனையத் தலையைப் பின்னே சாய்த்து, முகத்தை வானத்துக்குக் காட்டி, கைகளை விரித்தால் நீர் தாங்கும். சினிமாவில் வருவது போல மூழ்குகிறவர் கூவிக் கையசைப்பதில்லை. மூச்சு வாங்கவே நேரமில்லாதவரால் கூவ முடியாது. பிள்ளைகள் ஓரிரு நிமிடத்தில், சத்தமின்றி மூழ்கிவிடுவார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள், தாமே மிதந்து பார்த்தது அன்றுதான்.

எமது தோழியரில் ஒருத்தி காலையிலிருந்து கரையிலேயே இருந்தாள். படகிலும் ஏறவில்லை. சுனாமியில் அவள் தன் மகளை இழந்தவள். அதன் பிறகு கடலில் கால் வைத்ததில்லை. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அசர் நேரம் நெருங்கும்போது தானாகவே எழுந்து வந்தாள். “என்னையும் ஒருக்காப் பிடி புள்ள, மிதந்து பாப்பம்” என்றாள். இருவர் முதுகுக்குக் கை கொடுத்தோம். சில விநாடிகள்தான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதச் சின்ன வயசுல ஆரும் சொல்லித் தந்திருக்கலாம்” என்றாள்.

எண்கள் சொல்வது

அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 9 மணியளவில் கடல் எமது ஊருக்குள் வந்தது. இலங்கையில் இறந்த 30,000க்கும் மேற்பட்டோரில் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இழப்பு இல்லை. அடுத்த ஆண்டு எமது மாவட்டக் கரையோரத்து 13 முகாம்களில், 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேர் பற்றி ஆய்வொன்று நடந்தது. அது 2006இல் மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. ஆண்களில் 8.2 வீதத்தினர் இறந்திருந்தார்கள், பெண்களில் 17.5 வீதத்தினர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8 வீதத்தினர். ஒரே கரை, ஒரே அலை. ஆனால் பெண்ணின் இழப்பு இரு மடங்குக்கும் மேல்.

காரணங்கள் பல. பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். கையில் பிள்ளைகளோடு ஓடினார்கள். உடையும் கூந்தலும் சிக்கின. ஆண் பிள்ளைகளுக்கு நீந்தவும் மரமேறவும் தெரிந்திருந்தது, பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதையும் ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துச் சொன்னது. நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த அலையின் முன்னால் பலமான நீச்சல்காரரும் தோற்றார்கள். ஆனாலும் நீரில் முகம் நனைத்தே அறியாதவருக்கும், சில நிமிடங்கள் மிதந்து எதையாவது பற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. சுனாமி நாளுக்கு மட்டும் உரிய வித்தியாசமல்ல அது. வாவியும் குளமும் வாய்க்காலும் கிணறும் வெள்ளமும் உள்ள ஊரில் அது அன்றாடத் தேவை.

கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா என்பதற்கும் விடை இருக்கிறது. பங்களாதேசில் 2006 முதல் ஊர்க் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். பழகிய பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 90 வீதத்துக்கும் மேல் குறைந்தது. 2021இல் ஐக்கிய நாடுகள் சபை யூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்பிக்கும்படி உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக எமது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குள் பெண் பிள்ளைகளும் அடங்குவார்கள் அல்லவா?

இரண்டாம் நூற்றாண்டுக்கு

சென்ற நூறு ஆண்டுகளில் எமது சங்கம் கட்டடம் கட்டித் தந்தது, புத்தகம் வாங்கித் தந்தது, புலமைப்பரிசில் வழங்கியது. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் தொடங்கிய வேலை அது. இனி வரும் காலத்துக்கு ஒரு சிறு வேண்டுகோளை முன்வைக்கிறோம். ஆறாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு மாணவியும் எட்டாம் ஆண்டு முடிவதற்குள் மிதக்கவும் சிறிது தூரம் நீந்தவும் பழக வேண்டும். அதற்குப் பெரிய செலவில் தடாகம் தேவையில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் பாசிக்குடா இருக்கிறது. நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் குறைவான விரிகுடா. கச்சான் காலத்தில், பெண் பயிற்றுநருடன், பெற்றோரின் சம்மதத்துடன், தகுந்த உடையில், ஆண்டுக்குச் சில நாட்கள் போதும். செலவைச் சங்கம் ஏற்கலாம். பயிற்றுவிக்க எமது பழைய மாணவியரே இருக்கிறார்கள்.

அன்றிரவு ஊர் திரும்பும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பெரியநீலாவணையில் பஸ் நின்று இறங்கியதும் கிழக்கே அலைச்சத்தம் கேட்டது. பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம்தான். எமது தோழி ஈரச் சாரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, அடுத்த முறை எப்போது என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது இனி எமது சங்கம்தான்.