மறைவதற்கென்று வரைந்த கோடு

எழுத்து நிலைபெற வேண்டும் என்பதற்காகவே மாந்தர் மையைத் தேடினர். ஓலையில் கீறிய எழுத்துக்குக் கரி பூசியதும், கல்லில் உளிகொண்டு செதுக்கியதும் அந்நோக்கம் பற்றியே. துணியில் பூவேலை செய்வோரின் தேவையோ இதற்கு நேர்மாறானது. ஊசியோ தூரிகையோ செல்லவேண்டிய வழியைக் கோடு காட்டவேண்டும். வேலை முடிந்தபின் அக்கோடு இருந்த இடமும் தெரியலாகாது. இலக்னோ நகரின் சிக்கன் தையற்காரர்கள் மரக்கட்டையால் நீல வண்ணத்தை அச்சிட்டு, அதன்மேல் வெண்ணூல் தைத்து, பின்னர்த் துவைத்து நீலத்தைப் போக்குவர். காளத்தியின் கலம்காரி ஓவியர் புளியங்குச்சியைக் கரித்து, அக்கரிக்கோலால் முதற்கோடு இழுப்பர். எனினும், மறையும் கோட்டுக்கென்றே ஒரு பயிரை வளர்த்த நாடு ஜப்பான்.

1683ஆம் ஆண்டில் தொக்குகாவா அரசு ஆடம்பர ஆடைகளைக் கட்டுப்படுத்தியது. பொன்னிழை, பூத்தையல், மான்குட்டியின் புள்ளிகளைப் போன்ற முடிச்சுச் சாயவேலை ஆகியன மகளிர் ஆடைகளில் விலக்கப்பட்டன. கையில் பொருளிருந்தும் உடுத்த வழியற்ற வணிகர் குடும்பங்கள் வேறோர் அழகை நாடின. அக்காலத்தில் கியோத்தோவில் விசிறி ஓவியராகப் பெயர் பெற்றிருந்தவர் மியாசாக்கி யூசென். பட்டில் வண்ண ஓவியம் தீட்டும் முறைக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. முறையை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்பது மிகை. தம் வடிவங்களால் அதற்குப் புகழ் சேர்த்தார் என்பதே பொருந்தும். சட்டம் ஊசியைத் தடுத்தது. தூரிகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

யூசென் முறையில் முதலில் பட்டின்மீது நீலக்கோட்டால் படம் வரைவர். அக்கோட்டின்மேல் அரிசிப் பசையை நூல்போல் பிழிந்து வரம்பு கட்டுவர். வரம்புக்குள் வண்ணம் தீட்டி, ஆவியில் வேகவைத்துச் சாயத்தை நிலைப்படுத்தி, இறுதியில் நீரில் அலசுவர். பசை கரைந்தோட, நீலமும் உடன் சென்றுவிடும். ஆவியில் நிலைத்த சாயம் மட்டும் தங்கும்.

அந்நீலம் ஒரு பூவின் சாறு. கியோத்தோவுக்குக் கிழக்கே, பிவா ஏரியின் அருகில், தொக்காய்தோ, நக்காசெந்தோ என்னும் இரு பெருவழிகள் கூடும் இடத்தில் அமைந்த ஊர் கூசாட்சு. அங்குப் பயிரிடப்படும் செடி ஆவோபனா. நீலப்பூ என்பது அதன் பொருள். தமிழர் கானாவாழை என்றழைக்கும் செடியின் இனத்தைச் சேர்ந்தது. காட்டில் வளரும் வகையைவிடப் பெரிய பூவுடையது. இது சூலை, ஆகத்து மாதங்களின் கடுங்கோடையில் பூக்கும். விடியலில் விரிந்த பூ நண்பகலுக்குள் வாடிவிடும். ஆதலால் வெயில் ஏறுமுன் குனிந்து குனிந்து இதழ்களைப் பறித்தாக வேண்டும். உழவர்கள் இதனை நரகப்பூ என்று அழைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பறித்த இதழ்களைச் சலித்து மஞ்சள் மகரந்தத்தை நீக்கிப் பிழிவர். சாற்றைக் கைத்தாளில் பூசி வெயிலில் உலர்த்தி, மீண்டும் பூசி மீண்டும் உலர்த்துவர். இவ்வாறு பல பத்து முறை பூசியபின் தாள் கருநீலமாகிக் கனத்துவிடும். ஓவியர் அத்தாளில் சிறு துண்டைக் கிள்ளிக் கிண்ணத்து நீரில் இட்டால் மை ஆயத்தமாகிவிடும். புட்டியும் வேண்டா, கெடுமென்ற அச்சமும் வேண்டா.

இந்நிறம் நிலையற்றது என்பதைப் பழைய ஜப்பானியர் நன்கறிவர். எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலாகிய மன்யோசுவிலேயே இப்பூச்சாயம் மாறும் மனத்துக்கு உவமையாக ஆளப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் மரக்கட்டை அச்சோவியர் சிலர் இதே நீலத்தைத் தாளில் பயன்படுத்தினர். அப்படங்களில் வானமும் நீரும் இன்று வெளிறிப்போயுள்ளன. ஓவியத் தாளில் குற்றமானது பட்டில் குணமாயிற்று. 1992ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலார் இந்நிறமியின் அமைப்பை முழுமையாக விளக்கினர். ஆறு அந்தோசயனின் மூலக்கூறுகளும் ஆறு பிளேவோன் மூலக்கூறுகளும் இரு மக்னீசிய அயனிகளைச் சுற்றி அடுக்கப்பட்டுள்ளன. இது நீரில் எளிதாகக் கரைவது, இழையைப் பற்றிக்கொள்ளாதது.

பூவுக்கு மாற்றாகப் பின்னர் அயோடினும் மாப்பொருளும் கலந்த செயற்கை நீலம் வந்தது. மாப்பொருட் கரைசலில் அயோடின் இட்டால் நீலமாவதையும், சூடேற்றினால் அந்நீலம் மறைவதையும், ஆறினால் திரும்புவதையும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ட மாணவர் பலர். சூட்டுக்கு மறைந்து குளிருக்கு மீளும் அந்த இயல்பு பிற்காலத்தில் வேறொரு பொருளின் வாயிலாக மீண்டும் பட்டறைக்குள் நுழைந்தது.

பைலட் எழுதுகோல் நிறுவனத்தார் வெப்பத்தால் நிறம் மாறும் மையை 1970களில் உருவாக்கினர். இலையுதிர் காலத்தில் இலைகள் நிறம் மாறுவதே அவ்வாய்வுக்குத் தூண்டுதலாயிற்று என்பர். நிறமாகும் பொருள், அதற்கு நிறம் தரும் பொருள், வெப்பநிலையை வரையறுக்கும் பொருள் ஆகிய மூன்றும் கண்ணுக்குப் புலப்படா நுண்ணுறைக்குள் அடங்கியுள்ளன. சூடேறும்போது மூன்றாம் பொருள் உருகி முதலிரண்டின் பிணைப்பைப் பிரிக்கிறது, நிறம் போகிறது. தொடக்கத்தில் சில பாகை குளிர்ந்தவுடனே நிறம் திரும்பிவிட்டது. விளையாட்டுப் பொருளுக்கு அது போதும், எழுதுகோலுக்குப் போதாது. அவ்விடைவெளியை விரிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 2006ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் 2007ஆம் ஆண்டில் ஜப்பானிலும் ஃபிரிக்‌ஷன் பேனா விற்பனைக்கு வந்தது. அதன் எழுத்து 60 பாகை செல்சியசுக்கு மேல் மறையும். வெயிலில் நிறுத்திய காரில் விட்ட குறிப்பேடும் வெறுந்தாளாகக்கூடும்.

தாளுக்கென்று செய்த இப்பேனாவைப் பூத்தையற்காரரும், மூவடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் கலைஞரும் தாமாகவே எடுத்துக்கொண்டனர். மெல்லிய கோடு, இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டினால் துணி தூய்மை. நீரில் கரையும் நீலப் பேனாக் கோட்டின்மேல் அலசுமுன் சூடு பட்டால் அது கறையாக நின்றுவிடும். இங்கோ சூடே அழிப்பான். ஆயினும் மை துணியை விட்டுப் போவதில்லை. அது நிறமிழந்து அங்கேயே இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகையளவில் கோடு மீளத் தொடங்கும். இருபது பாகையில் முழுதும் திரும்பிவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலத்து அஞ்சலிற் சென்ற போர்வையில் பழைய கோடுகள் தெளிவாகத் தோன்றியதுண்டு. கருந்துணிகள் சிலவற்றில் கோடு போன இடம் வெண்தடமாக நிற்பதும் உண்டு. ஆகவே தேர்ந்த தையற்காரர் முதலில் துண்டுத்துணியில் கோடிட்டு, சூடாக்கி, உறைகுளிர்ப் பெட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே நல்ல துணியைத் தொடுகின்றனர்.

கூசாட்சுவில் இன்று நீலத்தாள் செய்வோர் மிகச் சிலரே. கிமோனோ உடுத்துவோர் குறைந்தனர். செயற்கை நீலம் மலிந்தது. கோடை விடியலில் குனிந்து பறிக்க இளைஞர் முன்வருவதில்லை. ஆவோபனாவை நகரப்பூவாக ஏற்றுக்கொண்ட அவ்வூரில் இச்செடியின் இலை தேநீருக்கும் தின்பண்டங்களுக்கும் பயன்படுகிறது. தாளுக்கென்று பூப்பறிக்கும் சில வயல்களிலிருந்தே, பழைய முறையை விடாத யூசென் ஓவியர்களின் கிண்ணங்களுக்கு நீலம் போய்ச் சேருகிறது.